யவனர் கப்பலில் வந்த தேறல்



விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே, மழையை நம்பி வாழும் வறண்ட நிலப்பரப்பில் அமைந்துள்ளது பாலவனத்தம். இவ்வூரின் ஜமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். வ. உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் தலைவராக இருந்தவரும் அவரே. ஏடும் கப்பலும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே இடம்பெற்றன. அவ்வாறே ஏடும் கப்பலும் ஒன்றுக்கொன்று சான்று கூறும் வரலாறு ஒன்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில் 56ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. பாட்டுடைத் தலைவன், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் உண்டு மகிழ்ந்து வாழ்க எனப் புலவர் அரசனை வாழ்த்துகின்றார். தேறல் என்பது தெளிந்த மது. கள்ளும் நறவும் நம் நாட்டிலேயே மிகுதியாக இருந்தன. அங்ஙனமிருக்க, கடல் கடந்து வந்த தேறல் யாது? அஃது எங்கே, எவ்வாறு உண்டாயிற்று?

யவனர் என்னும் சொல் முதலில் கிரேக்கரைக் குறித்தது. பின்னர் மேலை நாட்டார் பலரையும் குறிப்பதாயிற்று. அந்நாளில் இத்தாலியின் தென்மேற்கே உள்ள கம்பானியா நாடு திராட்சைக்குப் பெயர்பெற்றது. அதன் வட எல்லையில் நிற்கும் மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்த ‘பலெர்னம்’ என்னும் மதுவை உரோமர் தலைசிறந்ததாகக் கொண்டாடினர். அது வெள்ளை மது என்றும், பல்லாண்டு வைத்திருந்தபின் பொன்னிறம் பெற்றது என்றும் அறிஞர் கூறுவர்.

அதனை ஆக்கிய முறை கவனித்தற்குரியது. பழுத்த குலைகளைத் தொட்டியிலிட்டுக் காலால் மிதித்தனர். எஞ்சிய சக்கையை மரச் செக்கில் நெருக்கிப் பிழிந்தனர். சாற்றைக் கழுத்தளவு மண்ணிற் புதைத்த பெருந்தாழிகளில் ஊற்றிப் புளிக்க விட்டனர். மண்ணுள் இருப்பதால் தாழி வெப்பம் மிகாது காக்கப்பட்டது. காற்றுப் புகுந்தால் மது காடியாகிவிடும். ஆதலின் உட்புறத்தில் பிசின் பூசினர். தெளிந்த பின்னர், இரு காதும் கூரிய அடியும் உடைய ‘ஆம்போரா’ என்னும் சாடிகளில் நிரப்பி வாயை அடைத்தனர். சாடியொன்று ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும்.

இச்சாடிகள் நைல் ஆற்றின் வழியே மேற்சென்று, ஒட்டகத்தின்மீது பாலைவனம் கடந்து, செங்கடல் துறைமுகங்களை அடைந்தன. ஜூலைத் திங்கள் அளவில் புறப்படும் மரக்கலங்களைத் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவுக்கு உந்திவந்தது. வடகிழக்குப் பருவக்காற்று அவற்றை மீண்டும் கொண்டுசேர்த்தது. ஒரே துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்டிராபோ எழுதுகின்றார். முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘பெரிப்புளூஸ்’ என்னும் கடல்வழி நூல், பரிகாசா என்னும் பரூச் துறையில் இத்தாலிய மதுவே பெரிதும் விரும்பப்பட்டதாகக் கூறுகிறது. முசிறி முதலிய மேலைக்கரைத் துறைகளிலும் மது இறங்கிற்று. ஆயினும் மிகுதியாக அன்று என்று அதே நூல் குறிக்கின்றது. கிடைத்தற்கு அரியதாயிருந்ததால் அது பொற்கலத்திற்கு உரியதாயிற்று போலும்.

பாட்டைக் கற்பனை என்று தள்ளுவார் உண்டு. அவர்க்கு மண் விடை கூறியது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது ஆம்போராச் சாடிகளின் ஓடுகள் பல வெளிப்பட்டன. பின்னர் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் கிரேக்கத் தீவாகிய கோஸ் நாட்டுச் சாடிகளும் கம்பானியாவின் சாடிகளும் உண்டு எனக் கண்டனர். வைகை கடலொடு கலக்குமிடத்தருகே, பாண்டிநாட்டு அழகன்குளத்திலும் மேலைநாட்டு மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: எண்ணெயும் மீன்சாறும் கூட ஆம்போராவில் வந்தன. எனவே ஓடு கண்ட இடமெல்லாம் மது என்று துணிதல் தவறு. வடிவம், களிமண், உட்பூச்சு ஆகியவற்றை ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறல் வேண்டும். பாட்டு வினாவை எழுப்புகிறது. ஓடு விடைக்கு எல்லை வகுக்கிறது.

மதுவைப் போற்றுதல் நம் கருத்தன்று. அக்கிண்ணத்தின் பின்னே இருந்த மனிதரை அறிதலே கருத்து. உரோமப் பேரரசின் வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலும் விலங்கிடப்பட்ட அடிமைகளே உழைத்தனர் என்று எழுதியுள்ளார். இனி, யவனர் நம்மிடம் விரும்பிப் பெற்றவற்றுள் முத்தும் ஒன்று. பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனர் என்று பெரிப்புளூஸ் தெரிவிக்கின்றது. ஆகவே பண்டமாற்றின் ஒரு கோடியில் விலங்கு. மறு கோடியிலும் விலங்கு. நடுவில் மட்டுமே பொற்கலம் மின்னியது. பழித்தவரோ பிழிந்தவரோ மூழ்கியவரோ பெயரொடு எந்த ஏட்டிலும் இல்லை.

இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போகின்றதே என்று பிளினி வருந்தினார். அவர் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்தார்; கம்பானியத் தோட்டங்கள் பலவும் சாம்பலிற் புதைந்தன. ஆயினும் கொடி அழியவில்லை. மாசிக்கோ மலைச்சரிவில் இன்றும் ‘பலாங்கினா’ என்னும் வெண்திராட்சையிலிருந்து புதுமணம் மாறாத வெள்ளை மது ஆக்கப்படுகின்றது. கொடியைத் தாங்கும் கழிக்குரிய இலத்தீன் சொல்லே அப்பெயரின் மூலம் எனக் கருதுவர்.

மாணவர்களே, வரலாறு படிக்கும்போது பொற்கலத்தை மட்டும் கண்டு மயங்காதீர்கள். அதை நிரப்பிய கைகள் எவருடையவை என்று கேளுங்கள். உங்கள் ஊர் மேட்டில் பழைய ஓடு தென்பட்டால் அதனை எறியாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். பெயர் எழுதப்படாத மக்கள் நமக்கு விட்டுச்சென்ற ஏடு அதுவே.