கேஸ் மாத்திரைக்கு ஒரு கெடு

அமிலம் குறைக்கும் மாத்திரையை நம் மருந்துக்கடைகளில் ‘கேஸ் மாத்திரை’ என்றுதான் கேட்டு வாங்குகிறோம். வயிற்றுக் காற்றுக்கு அது மருந்தே அல்ல. பெயர் பிசகியதில் பெரிய நட்டமில்லை. எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு என்ற இரண்டு கேள்விகளும் அந்தப் பெயருக்குள் காணாமற்போனதுதான் நட்டம்.

அமிலம் சுரக்காத வயிற்றில் புண் வராது என்று 1910இல் கார்ல் ஷ்வார்ஸ் சொன்னது முக்கால் நூற்றாண்டு மருத்துவத்தை ஆண்டது. ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் பிறந்த, அமிலம் குறைக்கும் சிமெடிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது; 1988இல் ஒமெப்ரசோல் வந்தது. புண் ஆறியது. நிறுத்தினால் பலருக்குத் திரும்பவும் வந்தது. ஆறிய புண் ஏன் திரும்புகிறது என்பதற்கு விடை பெர்த் நகரில் கிடைத்தது: ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் வளர்த்தெடுத்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அதை ஒழிக்கும் சிகிச்சையில் அமில மாத்திரை துணைக்கு வரும் மருந்து மட்டுமே. பெரும்பாலும் 14 நாள் போதும். வலிநிவாரணியால் வந்த புண்ணென்றால் முதலில் நிறுத்த வேண்டியது வலிநிவாரணியை.

எதுக்களிப்பு வேறு கதை. உணவுக்குழாயின் அடிவாய் தளர்வதே அங்கே கோளாறு. மாத்திரை அதை இறுக்குவதில்லை. மேலேறி வருவதன் அமிலத்தன்மையை மட்டும் குறைக்கிறது. ஆகவே உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர்களுக்கு நீண்டகால மருந்து நியாயமானதே. பழைய ரத்தக்கசிவு இருந்தும் ஆஸ்பிரினை விடமுடியாதவர்களுக்கும் அப்படியே.

இனி, விழுங்கும் நேரம். கேஸ் மாத்திரைகளில் ஒன்றான பேன்டோபிரசோல் ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகளில் இயங்கிக்கொண்டிருப்பவற்றைத்தான் அது பூட்டும். பம்புகளை எழுப்புவது உணவு. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு. நான்கு இட்லியும் காபியும் முடித்து, பிரஷர் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுக்கொள்பவர் மருந்தின் பலனைக் குறைத்துக்கொள்கிறார். பிறகு ‘கேட்கவில்லை’ என்று இரண்டு வேளையாக்கிக் கொள்கிறார்.

நீண்டகாலப் பயன்பாடு பற்றிய அச்சங்களை நான் அப்படியே ஏற்கவில்லை. சுமார் 17,600 பேரிடம் ஏறத்தாழ மூன்றாண்டு நடந்து 2019இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் பேன்டோபிரசோல் எடுத்தவர்களிடம் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: 1.0 விழுக்காடு 1.4 ஆயிற்று. என் குறை கெடுவில்லாத மருந்துச்சீட்டின் மேல்தான். 2009இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரில் பாதிப்பேருக்கு எட்டு வாரம் எசொமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரங்களில் அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ அதுபோன்ற தொல்லையோ வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 விழுக்காடு. அடக்கிவைத்த சுரப்பு மருந்து போனதும் வேகமெடுக்கிறது.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாளே எரிச்சலோடு திரும்பி வருபவருக்கு மருத்துவர்களாகிய நாம் எழுதிக்கொடுப்பது அதே மாத்திரை. சில வாரங்களில் இது தணியும், அதுவரை எரியும்போது மட்டும் ஆன்டாசிட் சிரப் குடியுங்கள் என்று சீட்டிலேயே எழுதிவிடலாம். கூடவே நிறுத்தும் தேதியையும்.