அரை வேர்க்கடலை

மூளை வேலை செய்கிறவனுக்குப் பாதாம் பால், வீடு பெருக்குகிறவளுக்குப் பழைய சோறு என்பது நம் வீடுகளில் வெகுநாள் வழங்கிய சாஸ்திரம். பேனா பிடித்துப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கும் இதில் பாத்தியதை உண்டு. அதனால்தான் அதன் சரித்திரத்தைப் புரட்டினேன்.

இத்தாலியில் டூரின் நகரத்துப் புரொபஸர் ஏஞ்சலோ மோஸ்ஸோ, 1880-களில் ஒரு தராசு செய்தார். ஆளையே படுக்க வைக்கும் பலகைத் தராசு. தலைப்பக்கமும் கால்பக்கமும் சமமாக நிற்கும்படி செய்துகொண்டு, படுத்திருப்பவனுக்கு யோசிக்க ஏதாவது கொடுப்பார். தலைப்பக்கம் தாழும்! சிந்தித்தால் மூளைக்கு ரத்தம் பாய்கிறது என்று முடிவு கட்டினார்.

ரத்தம் பாய்ந்தால் செலவும் இருக்க வேண்டுமே? பாஸ்டனில் பெனிடிக்ட் தம்பதிகள், மனக்கணக்குப் போடுகிறவர்களின் மூச்சை அளந்து பார்த்து, 1933-ல் கணக்கை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டால் அதிகப்படியாக வேண்டிய ஆகாரம், பாதி வேர்க்கடலை. பாதாம் அல்ல ஸ்வாமி, வேர்க்கடலை, அதிலும் பாதி! பெருக்கித் துடைக்கிறவளுக்குச் சில நிமிஷங்களிலேயே அதைவிட அதிகம் செலவாகிவிடும். பழைய சோற்றுச் சாஸ்திரம் எழுதியவர் துடைப்பம் பிடித்தவர் அல்ல என்பது நிச்சயம்.

அப்படியானால் மூளை சிக்கனப் பிராணியா? அதுவும் இல்லை. பிலடெல்பியாவில் ஸீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் 1945-ல் புது வழி ஒன்றை வெளியிட்டார்கள். சிரிப்பூட்டும் வாயுவைக் கொஞ்சம் சுவாசிக்கச் செய்து, மூளைக்கு ஏறும் ரத்தத்தையும் கழுத்து வழியாக இறங்கும் ரத்தத்தையும் ஒப்பிடும் முறை. மூளையின் வரவு செலவு தெரிந்துவிட்டது. உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான் அது. ஆனால் நாம் சும்மா படுத்திருக்கையில் உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கு அதற்கே போகிறது!

காரணம், நரம்பணுக்கள் ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேதி அனுப்ப முடியாது. வாடிக்கைக்காரன் வந்தாலும் வராவிட்டாலும் கடையைத் திறந்து விளக்கேற்றி உட்கார்ந்திருப்பது போலத்தான்.

கதைக்காரனாகிய என்னைத் திகைக்க வைத்தது 1948-ல் கெட்டி கண்ட விஷயம். ஸ்கிஸோப்ரீனியா என்னும் மனநோயால் எத்தனையோ குரல்களைக் கேட்டுத் தவிப்பவர்களின் மூளையும், நம் மூளையும் ஒரே அளவுதான் செலவழிக்கின்றன. 1955-ல் லூயிஸ் ஸோகொலோபும் நண்பர்களும் மனக்கணக்குப் போட வைத்துப் பார்த்தார்கள். மொத்தச் செலவு ஏறவில்லை. பிற்காலத்து யந்திரங்கள், அங்கங்கே கொஞ்சம் ஏறுவதைக் காட்டின. மொத்தம் அநேகமாக அசைவதில்லை.

ஆக, நான் கதை எழுதும்போதும், எழுத வராமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்திரிகை ஆசிரியர்கள்தாம் இரண்டுக்கும் ஒரே சன்மானம் தர மறுக்கிறார்கள்.