மௌனத்தின் பின்: மாரி போயினேயின் பாடல்களும் வட ஸாமி மொழியும்

வட ஸாமி மொழியில் பாடுதலைக் குறிக்கும் வினைகள் இரண்டு உள்ளன. ஒன்று 'லாவ்லுத்', மற்றொன்று 'யுவோய்கத்'. தேவாலயப் பாடல், பள்ளிப் பாடல், வானொலிப் பாடல் ஆகியவற்றைப் பாடுவதை முதல் வினை குறிக்கும். பிற நாட்டார் 'யோய்க்' என வழங்கும் தொன்மையான வாய்மொழி இசையை எழுப்புவதை இரண்டாவது வினை குறிக்கும். நார்வே நாட்டின் வடகோடியில் 1956இல் பிறந்து, தாமே பாட்டெழுதித் தாமே இசையமைத்துப் பாடி உலகெங்கும் அறியப்பட்ட மாரி போயினேயின் கலைவாழ்வு இவ்விரு வினைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நடந்த ஒன்றாகும். அவரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவரை 'யோய்க் பாடகி' என்று ஒரு சொல்லில் சுட்டிச் செல்கின்றனர். அவருடைய மொழியின் வேறுபாட்டை மறைத்துவிடும் சுட்டு அது.

ஸாமியர் நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளிலும் உருசியாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் தொல்குடியினர். (தமிழில் 'சாமி' என எழுதினால் வேறு பொருள் தோன்றும் என்பதால் இங்குக் கிரந்த எழுத்துக் கைக்கொள்ளப்படுகிறது.) அவர்களுடைய மொழிகள் யூரலியக் குடும்பத்தைச் சேர்ந்தவை; பின்னிய மொழிக்கு நெருங்கிய உறவினை. அவற்றுள் பெரியதான வட ஸாமியைப் பேசுவோரே ஏறத்தாழ 20,000 பேர்தான். திராவிட மொழிகளைச் 'சித்திய'க் குழுவோடு இணைத்துக் காண முயன்ற கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் பின்னிய மொழிக் குழுவையும் ஒப்புநோக்கினார் என்பது மொழியியலார் அறிந்ததே. அவ்வுறவு நிறுவப்படவில்லை. எனினும் தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு வட ஸாமியின் சில அமைப்புகள் அயன்மையாகத் தோன்றா. போயினேயின் முதல் இசைத்தொகுப்பின் பெயரே இதற்குச் சான்று. 1985இல் வெளிவந்த அத்தொகுப்பு 'யஸ்கத்வுவொதா மங்ஙா' எனப் பெயர் பெற்றது. முதற்சொல் 'மௌனம்' என்னும் பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவம். அடுத்தது 'பின்' என்னும் சொல்லுருபு. 'மௌனத்தின் பின்' என்று உறுப்புக்கு உறுப்பு அப்படியே தமிழில் பெயர்க்கலாம். நார்வேஜிய மொழியிலோ ஆங்கிலத்திலோ இவ்வரிசையைத் தலைகீழாக்கியே ஆகவேண்டும்.

யோய்க்கின் இலக்கணமும் அவ்வாறே. ஸாமியர் ஒருவரைப் 'பற்றி' யோய்க் இசைப்பதில்லை, அவரையே இசைக்கின்றனர். யாரை அல்லது எதை இசைக்கிறார்களோ அவரோ அதுவோ 'யுவோய்கத்' என்னும் வினைக்கு நேரடியான செயப்படுபொருள். மனிதர், கலைமான், ஓநாய், மலை என எதுவும் அவ்வாறு செயப்படுபொருளாகலாம். சொற்கள் மிகக் குறைவு. சிலவற்றில் சொல்லே இல்லை, அசைகள் மட்டுமே. தொடக்கமும் முடிவும் வரையறுக்கப்படாமல் சுழன்று வரும் அவ்விசை, குறிக்கப்பட்டவரை அவ்விடத்தில் இருக்கச் செய்கிறது என்பது அம்மக்களின் கருத்து. பிறரை நினைவில் வைத்துக்கொள்ளும் கலை அது என்பது, ஸாமி மொழியின் முதல் சமயச்சார்பற்ற நூலை 1910இல் டேனிய மொழிபெயர்ப்புடன் வெளியிட்ட யோஹான் தூரி தரும் விளக்கத்தின் சாரம். ஐரோப்பிய மொழிகளில் பெயர்ப்போர் 'பற்றி' என்னும் பொருள்படும் முன்னுருபைச் சேர்க்க நேர்கிறது. சேர்த்தவுடன் பொருள் சிதைகிறது. தமிழில் 'மன்னனைப் பாடினார்', 'முருகனைப் பாடினார்' என்னும் வழக்கு இயல்பாக இருப்பதால் இந்த இடர்ப்பாடு இல்லை. ஆனால் வேறோர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் ஒருவரைப் பாடுதல் பெரும்பாலும் புகழ்தலாகும். யோய்க் புகழ்ச்சியன்று. ஒருவருடைய நடையின் தள்ளாட்டத்தையும் அது இசைக்கும்.

போயினே பிறந்த ஊர் காராஷோக் வட்டாரத்தில் ஆற்றங்கரையில் அமைந்த காமேஹிஸ்ஞார்கா. பெற்றோர் சால்மன் மீன்பிடித்தும் சிறிது பயிர்செய்தும் வாழ்ந்த ஸாமியர். வீட்டுமொழி ஸாமி, ஆனால் வீட்டில் யோய்க் இல்லை. லார்ஸ் லேவி லெஸ்தாடியுஸ் (1800–1861) என்னும் மதகுரு தோற்றுவித்த கடுமையான கிறித்தவ மறுமலர்ச்சி இயக்கத்தைச் சார்ந்தது அக்குடும்பம். யோய்க் சாத்தானின் வேலை என்பது அவ்வியக்கத்தாரின் முடிந்த முடிபு. பழைய ஸாமிச் சமயத்தில் 'நோஆய்தி' எனப்பட்ட பூசாரி பறையடித்து யோய்க் இசைத்து மறுவுலகோடு தொடர்புகொண்டதே இவ்வெறுப்பின் வேர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அப்பறைகள் பறிக்கப்பட்டன, பல எரிக்கப்பட்டன. 1692இல் வாத்ஸோ நகரில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டு வழக்காடு மன்றத்தில் நிறுத்தப்பட்ட ஆண்டர்ஸ் பௌல்சென் என்பவரிடமிருந்து கைப்பற்றப்பட்ட பறை டென்மார்க் அரசின் சேகரத்திற்குச் சென்றது. 1979இல் கடனாகக் காராஷோக் அருங்காட்சியகத்திற்கு வந்த அப்பறை 2022இல்தான் ஸாமியரின் உடைமையாயிற்று.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. யோய்க்கை அழிக்க முனைந்த அதே இயக்கம் மொழியை அழிக்கவில்லை. லெஸ்தாடியுஸ் தாமே ஸாமிக் குருதித் தொடர்பு உடையவர். ஸாமியிலும் பின்னிய மொழியிலும் உரையாற்றினார். பள்ளியும் அலுவலகமும் நார்வேஜியத்தை மட்டுமே ஏற்ற காலத்தில், ஸாமி மொழி பொதுவிடத்தில் உரத்து ஒலித்த மிகச் சில இடங்களுள் வழிபாட்டு மனையும் ஒன்று. நீண்ட வாக்கியம், விளித்தல், கண்டித்தல், மன்றாடுதல் ஆகிய சொற்பொழிவு நெறிகள் அங்குப் பயிலப்பட்டன. போயினே சிறுவயதில் பாடியவை அம்மனையின் வழிபாட்டுப் பாடல்களே. ஆகவே அவர் பெற்ற மரபுரிமை 'லாவ்லுத்' என்னும் வினைக்குரியது. 'யுவோய்கத்' என்னும் வினைக்குரியதன்று. பிற்காலத்தில் அவர் தம் சமூகத்தாரை நோக்கியும் ஆள்வோரை நோக்கியும் வாதிட்டுப் பாடியபோது கைகொடுத்தது இவ்வழிபாட்டுமனை மொழியே எனக் கொள்ள இடமுண்டு. சொல் சுருங்கிய யோய்க்கினால் வாதிட இயலாது.

பள்ளி மற்றொரு கதை. 1898இல் வெளியான அரசு ஆணை, ஆசிரியர்கள் ஸாமி மொழியைத் தவிர்க்க இயலாத இடத்தில் மட்டுமே துணைக்குப் பயன்படுத்தலாம் என விதித்தது. 1902ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின்படி பின்மார்க் பகுதியில் அரசு நிலத்தை வாங்குவதற்கு நார்வேஜிய மொழியறிவு நிபந்தனையாயிற்று. நிலவுரிமையை மொழித்தேர்வோடு பிணைத்த இவ்விதி 1960களில்தான் நீங்கியது. போயினே பள்ளியிற் சேர்ந்தபோது பாடம் முழுவதும் நார்வேஜியத்திலேயே நடந்தது. ஸாமி என்பது வெளியில் சொல்லிக்கொள்ளத் தகாத ஒன்று என்னும் நாணம் அத்தலைமுறையிடம் ஊறியது. அவர் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராகவும் பணியாற்றினார். மொழியைப் பறித்த நிறுவனத்தின் உள்ளிருந்தே அவர் வெளிப்பட்டார் என்பதை வாழ்க்கைக் குறிப்புகள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

திருப்பம் ஆல்தா ஆற்றினால் நேர்ந்தது. அவ்வாற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து 1979இல் ஸாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாநோன்பிருந்தனர். 1981 சனவரியில் ஏறத்தாழ 600 காவலர்கள் மறியலாளர்களை அப்புறப்படுத்தினர். அணை கட்டப்பட்டது, ஆயினும் ஸாமியரின் உரிமை என்னும் வினா நாட்டரசியலில் நிலைபெற்றது. 1980ஆம் ஆண்டு யூரோவிஷன் போட்டிக்கு நார்வே அனுப்பிய பாடல் இப்போராட்டத்தையே பொருளாகக் கொண்டு, யோய்க்கையும் உள்ளடக்கியிருந்தது. அதற்கு முன்பே, 1968இல், நில்ஸ்-அஸ்லாக் வல்கெயாபா (1943–2001) யோய்க்கை இசைத்தட்டில் பதித்துப் புதுவாழ்வு தந்திருந்தார். போயினே பாடத் தொடங்கியது இப்பின்னணியில்தான்.

'மௌனத்தின் பின்' தொகுப்பில் யோய்க்கைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். அதன் இசை மேலைநாட்டு மக்களிசையும் ராக் இசையும் கலந்தது. ஜான் லெனனின் உழைக்கும் வர்க்க வீரனைப் பற்றிய பாடலின் மெட்டுக்கு ஸாமியில் புதிய சொல் அமைத்துப் பாடியதும் அதில் உண்டு. இதைத் தழுவல் என்பதைவிட இடப்பெயர்ச்சி எனல் பொருந்தும். லெனன் வர்க்கத்தைக் குறித்துப் பேசிய இடத்தில் போயினே தம் இனத்தின் வளர்ப்பை வைத்தார்.

1989இல் வந்த 'குலா குலா' அவரைப் பெயர்பெறச் செய்தது. 'குல்லத்' என்பது கேட்டல். ஏவல் ஒருமையில் அதன் இடைமெய் மெலிந்து 'குலா' ஆகிறது. 'கேள், கேள்' என்பது பொருள். மூதாட்டியரின் குரலைக் கேட்கச் சொல்லும் பாடல் அது. பறை, கித்தார் ஆகியவற்றோடு தென்னமெரிக்க மலைநாட்டுச் சரங்கோவும் குழலும் அத்தொகுப்பில் ஒலிக்கின்றன. அதன் பாடல்களுள் ஒன்று மட்டும் நார்வேஜிய மொழியில் அமைந்தது. மற்றவை அனைத்தும் ஸாமி. அந்த ஒன்றின் தலைப்பு 'ஆளும் இனத்துக்கான செய்முறைக் குறிப்பு' எனப் பொருள்படும். ஒரு சிறுபான்மை இனத்தை அடக்குவது எப்படி என்று, சமையற்குறிப்பின் நடையில், ஏவல் வினைகளை அடுக்கி எள்ளலாகக் கற்பிக்கிறது அப்பாடல். மொழித்தேர்வு தற்செயலானதன்று. ஏவலுக்கு முன்னிலை வேண்டும். அப்பாடலின் முன்னிலையார் ஸாமி அறியாதவர். தாய்மொழியில் மூதாட்டியரைக் கேட்கச் சொன்ன ஏவலும், ஆள்வோர் மொழியில் ஆள்வோருக்கு இட்ட ஏவலும் ஒரே தொகுப்பில் எதிரெதிர் நிற்கின்றன. நார்வேஜியப் பாடலை ஸாமியிலோ, ஸாமிப் பாடலை நார்வேஜியத்திலோ பெயர்த்தால் சொற்பொருள் நிற்கும். யாரை நோக்கிய சொல் என்பது அழியும்.

இத்தொகுப்புக்கு நார்வேயின் ஸ்பெல்லெமன் விருது கிடைத்தது. 1990இல் பீட்டர் கேப்ரியலின் 'ரியல் வோர்ல்ட்' நிறுவனம் அதை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது. அப்பதிப்பின் முகப்பில், வெண்பரப்பின் நடுவே ஒரு கண் மட்டும் இருந்தது. பாடகியின் பெயர் இல்லை. மூதாட்டியரின் குரலைப் பெயரோடு மீட்க வந்தவர், முகப்பில் பெயரற்றவராக உலகை அடைந்தார். வணிகத்தார் இதைத் தீய எண்ணத்துடன் செய்தனர் எனக் கூற வேண்டியதில்லை. ஆனால் 'உலக இசை' என்னும் வகைப்பாடு மொழியைப் பொருளாகக் கேளாமல் ஓசையாகக் கேட்கப் பழக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. நார்வேயின் முதற்பதிப்பில் 'மாரி போயினே பேர்சென்' என முழுப்பெயர் இருந்தது. நார்வேஜிய முறையிலமைந்த 'பேர்சென்' பின்னர் நீங்கியது. 2003இல் அவர் தமது சொந்த வெளியீட்டு நிறுவனத்தின் வழி அத்தொகுப்பை மறுபதிப்புச் செய்தபோது பெயரும் ஸாமி உடையிலான உருவமும் இடம்பெற்றன. அந்நிறுவனத்தின் பெயர் 'லேஆன்'. வட ஸாமியில் அவ்வடிவம் 'இருக்கிறேன்' என்னும் தன்மை ஒருமை வினைமுற்று. எழுவாய் இன்றியும் நிற்கும்.

1994இல் லில்லெஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடும் அழைப்பை அவர் மறுத்தார். சிறுபான்மையரை அலங்காரமாகக் காட்டும் முயற்சி என அதைக் கருதினார். வல்கெயாபா அவ்விழாவில் யோய்க் இசைத்தார். இவ்விரண்டில் எது சரி எனத் தீர்ப்பதைவிட, இருவர் கையிலிருந்த வடிவங்கள் வேறு என்பதை நோக்குதல் பயன் தரும். யோய்க் தன்னளவிலேயே இருப்பை அறிவித்துவிடும். விழாவிலும் அது யோய்க்கே. போயினேயின் பாடலோ கேட்பவர் பொருளுணர்ந்தாலன்றி வெறும் அழகிய ஒலியாகிவிடும்.

யோய்க் அவர் குரலில் மெல்ல மெல்லவே புகுந்தது. குழந்தைப் பருவத்தில் விலக்கப்பட்டதை நடுவயதில் கற்பது, மொழியை இழந்தவர் அதை மீளக் கற்பது போன்றதே. 1990களின் தொகுப்புகளில், பாடலின் சொல்லடிகள் முடிந்தபின் அசைநீட்டங்கள் தொடங்கிச் சுழல்வதைக் காணலாம். ஒரே பாட்டில் 'லாவ்லுத்' நின்று 'யுவோய்கத்' தொடங்குகிறது. யான் கார்பாரெக்கின் 1996ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அவர் குரல் கேட்கிறது. 2003இல் நோர்டிக் மன்றத்தின் இசைப்பரிசு, 2009இல் நார்வே அரசின் புனித ஓலாவ் விருது, 2012இல் அரசின் நிலையான கலைஞர் உதவித்தொகை எனச் சிறப்புகள் தொடர்ந்தன.

மொழிபெயர்ப்பாளர்க்கு இப்பாடல்கள் வைக்கும் தனிச்சிக்கல் தன்மைப் பன்மையில் உள்ளது. வட ஸாமி 'நாம் இருவர்' என்பதற்கு ஒரு பெயரும் ('மொஆய்') இருவர்க்கு மேற்பட்டோர்க்கு வேறொரு பெயரும் ('மீ') கொண்டது. நார்வேஜியத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழில் எண் வேறுபாடு இல்லை. ஆனால் 'நாம்', 'நாங்கள்' என்னும் உளப்பாட்டு வேறுபாடு உண்டு. ஸாமியில் பாடும்போது கேட்பவரும் பாடுநரோடு சேர்ந்தவராக இருக்கக்கூடும். அங்கே 'நாம்' பொருந்தும். அப்பாடலையே அரங்கில் அயலார் கேட்கும்போது அது 'நாங்கள்' ஆகிறது. மூலத்தில் வெளிப்படாத இத்தெரிவைத் தமிழ் வெளிப்படையாகச் செய்யுமாறு வற்புறுத்துகிறது. நார்வேஜியம் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ பெயர்ப்பவர் இருமை எண்ணையும் இழந்துவிட்ட பனுவலிலிருந்தே தொடங்குகிறார்.

1989இல் திறக்கப்பட்ட நார்வே ஸாமிப் பாராளுமன்றத்தின் இருக்கை, அவர் பள்ளியில் நார்வேஜியம் பயின்ற காராஷோக்கிலேயே உள்ளது. 1992இல் நடைமுறைக்கு வந்த மொழிச்சட்டம் அவ்வட்டாரத்தில் ஸாமிக்கு நார்வேஜியத்தோடு சமநிலை அளித்தது. நார்வேஜியமயமாக்கலை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2023 சூனில் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. இடையே 2017இல், முதல் தொகுப்புக்கு 32 ஆண்டுகள் கழித்து, போயினே முழுவதும் ஆங்கிலத்திலமைந்த ஒரு தொகுப்பை முதன்முறையாக வெளியிட்டார். 2024இல் வந்த 'அல்வா' மீண்டும் ஸாமியில் அமைந்தது. ஊக்கம், மனவுறுதி என்னும் இரண்டையும் ஒருங்கே தரும் அச்சொல்லைத் தமிழில் தலைப்பாக எழுத்துப்பெயர்ப்புச் செய்தால் இனிப்புப் பண்டமே நினைவுக்கு வரும். பொருளைப் பெயர்ப்பதே அங்கு வழி.