இறுகிய காபுரேற்றரும் சீனன்குடா வானமும்

சரித்திரம் என்றவுடன் அரசரும் கோட்டையும் போரும் நினைவுக்கு வருவது வழக்கம். இன்று நான் கூற எடுத்துக்கொண்ட சரித்திரம், இரு கைகளுள் அடங்கிவிடும் ஓர் உலோகக் கருவியைப் பற்றியது. எஞ்சினுக்குச் செல்லும் பெற்றோலையும் காற்றையும் உரிய அளவிற் கலந்து கொடுக்கும் அக்கருவியைக் காபுரேற்றர் என்பர்.

சீனன்குடாவில் என் நண்பர் ஒருவரின் வளவிலே, தகரக் கொட்டிலொன்றினுள், எம்.ஜி.ஏ. என்னும் இருவர் அமரும் பழைய பந்தயப் பாங்கான கார் ஒன்று கிடந்தது. 1990ஆம் ஆண்டு குடும்பம் இடம்பெயர்ந்தபோது நண்பரின் தந்தையார் அதனை அங்கே நிறுத்திவிட்டுச் சென்றார். மீண்டும் வந்து அதனைச் செலுத்த அவருக்கு வாய்க்கவில்லை. அண்மையில் நண்பர் அதனைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுத்துவிட முனைந்தார். பார்க்க வந்த முதிய மெக்கானிக், "எஞ்சின் கையால் சுற்றச் சுற்றுகிறது, ஐயா. காபுரேற்றர் இரண்டுந்தான் இறுகிவிட்டன. அவை இளகினால் வண்டி பிழைக்கும்" என்றார்.

அவை எஸ்.யூ. என்னும் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் பாதணி வணிகத்தாற் பெயர்பெற்ற ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர் கண்ட அமைப்பு அது. அவர்தம் கம்பனி 1910இல் தோன்றியது. தொடக்கத்தில் தோலாலான துருத்தியைப் பயன்படுத்தினர். பின்னர் அதனிடத்தை உலோகப் பிஸ்டன் பெற்றது. எஞ்சின் கூடுதலான காற்றை இழுக்கும்போது பிஸ்டன் மேலெழும். அதனடியிற் பொருத்திய கூரிய ஊசியும் உடனுயர்ந்து, கூடிய பெற்றோலுக்கு வழிவிடும். பிஸ்டனுக்கும் அதனை மூடிய கூட்டுக்கும் இடையேயுள்ள வெளி, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு சில பங்கே. பெற்றோல் ஆவியாகி எஞ்சிய பிசினும், கடற்காற்றின் உப்பினால் அலுமினியத்திற் பூத்த வெண்பொடியும் அவ்வெளியை அடைத்துவிட்டால், பிஸ்டன் கல்லாகச் சமைந்துவிடும்.

மெக்கானிக் சுத்தியலைத் தொடவில்லை. ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றின் கூட்டுக்குப் பொருந்தாது என்பதனால், முதலில் இரண்டிற்கும் அடையாளமிட்டார். மண்ணெண்ணெயிற் பல நாள் ஊறவைத்தார். பின்னர்க் கூட்டின் வெளிப்புறத்தில் வெந்நீர் ஊற்றி, அது சற்றே விரிந்த வேளையில் கையாலேயே சிறிது சிறிதாகத் திருகினார். கழன்றதும் துணியாலே துடைத்தாரேயன்றி உப்புத்தாள் கொண்டு தேய்க்கவில்லை. தேய்த்தால் அந்நுண்ணிய வெளி பெருத்துக் கருவி பயனற்றதாகிவிடும். மீண்டும் பூட்டிப் பிஸ்டனை உயர்த்தி விட்டார். 'டக்' என்ற தெளிந்த ஒலியுடன் அது கீழே விழுந்தது. "இனிப் பயமில்லை" என்றார்.

அவ்வொலியைக் கேட்டபோது என் நினைவு 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் தேதிக்குச் சென்றது. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவற்றை எதிர்க்கச் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்தவை, 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் மேர்லின் எஞ்சின்களுக்கும் பெற்றோலை ஊட்டியவை, அதே எஸ்.யூ. நிறுவனத்தார் விமானங்களுக்கென வேறு வடிவிற் செய்த காபுரேற்றர்களே.

அக்கருவிக்கு ஒரு குறை இருந்தது. விமானி திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால், மிதவைத் தொட்டியிலுள்ள பெற்றோல் மேலே எழும்பிவிடும். எஞ்சின் கணப்பொழுது திணறும். அக்கணம் ஓர் உயிரின் விலை. பெற்றோலை நேரே பீச்சும் முறையைக் கொண்டிருந்த ஜேர்மன் விமானங்களுக்கு இத்தொல்லை இல்லை. இதற்கு முதற் பரிகாரம் கண்டவர் பியற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் பெயர்பெற்றவர். பெற்றோலின் பெருக்கை அளவோடு தடுக்கும், துளையிட்ட சிறு உலோகத் துண்டொன்றை அவர் அமைத்தார். 1941இல் அது பிரித்தானியப் போர் விமானங்களிற் பொருத்தப்பட்டு, அக்குறையைப் பெருமளவு தணித்தது.

ஏப்ரில் 9ஆந் தேதி இங்கிருந்து எழுந்த விமானிகள் அனைவரும் திரும்பவில்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று எரிந்து அழிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி, 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போருக்குப் பின் எஞ்சிய தாங்கிகளுட் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டினுள்ளே பயன்படாது கிடந்தன.

நேயர்களே! பொருள் உழைப்பினாலே தேய்கிறது, உழையாமையாலோ இறுகுகிறது. கைத்தொழில் அறிவும் அத்தகையதே. அம்முதியவரிடம், "இவ்வித்தையை யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "கேட்டு ஒருவரும் வரவில்லையே, ஐயா" என்றார். முப்பதாண்டுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு அவ்விடை சுட்டது. அடுத்த சனிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணவியர் இருவரைப் பெற்றோரின் இசைவுடன் அக்கொட்டிலுக்கு அழைத்துச் சென்றேன். இரண்டாவது காபுரேற்றரை அவர்களே கழற்றினர். பெரியவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் இன்னும் வீதிக்கு வரவில்லை. ஆயினும், நண்பர் அதனை இரும்புக்கு விற்கும் எண்ணத்தைக் கைவிட்டார்.