பதிமூணு ரூபா சண்டையும் நாலு சோப்பும்

கனகசெட்டிக்குளம்னு சொன்னா புதுச்சேரிக்காரங்கள்லயே பாதி பேர் "செக்போஸ்ட் இருக்கே, அந்த இடமா?"ன்னுதான் கேப்பாங்க. ஈ.சி.ஆர்ல புதுச்சேரி வடக்கே முடியற இடம் அது. அதைத் தாண்டினா தமிழ்நாடு. அங்க ரோட்டோரமா இருக்கற ஒரு கடையில (பேர் வேண்டாம், விடுங்க) ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நான் ஒரு சண்டை போட்டேன். பதிமூணு ரூபாய்க்கு!

தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். பாட்டில்ல 118 ரூபான்னு அச்சடிச்சிருக்கு. அலமாரியில ஒட்டின சீட்டுல 105. பில்லுல 118. நான் விடுவேனா? பில் போடற பொண்ணு பயந்துபோய், "ரெண்டு ரேட் காட்டுதுண்ணா, மேல இருந்ததை அமுக்கிட்டேன்"னு சொல்லுச்சு. "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, மெஷின்தானே பாக்குது?"ன்னு நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டு, பதிமூணு ரூபாயை வாங்கிட்டு, ஏதோ கோட்டையைப் பிடிச்ச மாதிரி வெளிய வந்தேன்.

அடுத்த வாரம் அதே கடை, அதே பொண்ணு. நாலு சோப்பு சேர்ந்த பாக்கெட் ஒண்ணு வாங்கினேன். விலை 140. வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தா 38 ரூபாதான் போட்டிருக்கு! வெளிய சுத்தின கண்ணாடித் தாள் வழியா உள்ள இருந்த ஒத்தை சோப்போட கோடு தெரிஞ்சிருக்கு. ஸ்கேனர் அதைப் படிச்சு "ஒரு சோப்பு"ன்னு எழுதிடுச்சு. 102 ரூபா லாபம்.

இப்ப நான் சத்தம் போட்டேனா? மூச்சு விடல :-)

நிற்க. இந்த ரெண்டு சம்பவமும் மண்டையைக் குடைஞ்சதுல, இந்த கோட்டு விவகாரத்தோட சரித்திரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

*

1948. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம், ட்ரெக்சல் கல்லூரி. ஒரு பலசரக்குக் கடைத் தொடரின் தலைவர் அங்கே வந்து, கல்லாவில் சாமான் விவரம் தானாகவே பதிவாக ஒரு வழி கண்டுபிடிச்சுத் தர முடியுமான்னு டீனிடம் கேக்கறார். டீன் முடியாதுன்னுட்டார். அது பெர்னார்ட் சில்வர்ங்கற மாணவர் காதில் விழுது. அவர் நண்பர் நார்மன் ஜோசஃப் உட்லண்டிடம் சொல்றார். உட்லண்ட் வேற வேலையெல்லாம் விட்டுட்டு மயாமி கடற்கரையில் போய் உக்காந்து யோசிச்சார். சின்ன வயசுல சாரணர் படையில் கத்துக்கிட்ட மோர்ஸ் தந்தி மொழி ஞாபகம் வந்தது. மணலில் புள்ளியும் கோடும் போட்டு, விரலாலே கீழ்நோக்கி இழுத்தார். புள்ளி மெல்லிய கோடு ஆச்சு, கோடு தடிச்ச கோடு ஆச்சு. பார்கோடு பிறந்த கதை அவ்வளவுதான்.

1949 அக்டோபர் 20-ல் விண்ணப்பம், 1952 அக்டோபர் 7-ல் காப்புரிமை. ஆனா அதைப் படிக்கறதுக்கு மலிவான லேசரோ கம்ப்யூட்டரோ அப்ப கிடையாது. காப்புரிமையை வெறும் 15,000 டாலருக்கு வித்துட்டாங்க. சில்வர் 1963-லேயே காலமாயிட்டார். தன் கோடு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

அப்புறம் ஐ.பி.எம். கம்பெனியின் ஜார்ஜ் லாரர் வடிவமைச்ச கோட்டை, 1973 ஏப்ரல் 3-ல் அமெரிக்க மளிகைத் தொழில் பொதுக் குறியா ஏத்துக்கிட்டது. 1974 ஜூன் 26 காலையில, ஓஹையோ மாநிலம் ட்ராய் ஊர்ல இருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ஷாரன் புக்கானன்ங்கற கல்லாப் பெண்மணி முதல் பொருளை ஸ்கேன் பண்ணினார். ரிக்லி கம்பெனியோட ஜூசி ஃப்ரூட் சூயிங்கம். விலை 67 சென்ட். வாங்கினவர் மார்ஷ் கம்பெனியிலேயே வேலை பார்த்த கிளைட் டாசன்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அது ஒத்தைப் பாக்கெட் இல்லை. பத்து சேர்ந்த பாக்கெட்! அதாவது என் நாலு சோப்பு மாதிரியே ஒரு பொருள். அன்னிக்கு மட்டும் உள்ளே இருந்த சின்னப் பாக்கெட்டுக்கும் ஒரு கோடு இருந்து, ஸ்கேனர் அதைப் படிச்சிருந்தா, சரித்திரத்தோட முதல் பில்லே தப்பாப் போயிருக்கும்.

*

இங்கதான் நாம பலபேர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கோம். அந்தக் கோட்டுக்குள்ள விலை கிடையாது. பொருள் பேர் கிடையாது. ஒரு எண், அவ்வளவே. ஸ்கேனர் எண்ணைப் படிக்கும். கடைக் கம்ப்யூட்டர் தன்னோட பட்டியல்ல அந்த எண்ணுக்கு நேரா என்ன பேர், என்ன விலைன்னு பார்த்து பில் போடும். எண்ணைத் தப்பாப் படிச்சிடக்கூடாதுன்னு கடைசியில ஒரு காவலாளி எண் வெச்சிருக்காங்க. அதை நீங்களே வீட்ல சோதிச்சுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு 8901234567890-ன்னு ஒரு எண். முதல் 12 இலக்கத்துல ஒண்ணு விட்டு ஒண்ணா கூட்டுங்க: 8+0+2+4+6+8 = 28. மிச்சத்தைக் கூட்டுங்க: 9+1+3+5+7+9 = 34. அதை மூணால பெருக்கினா 102. ரெண்டும் சேர்ந்து 130. இதைப் பத்தால் வகுபடற எண்ணா ஆக்க இன்னும் எவ்வளவு வேணும்? பூஜ்யம். அதான் கடைசி இலக்கம். நடுவுல இருக்கற 4-ஐ 5-ன்னு படிச்சா கூட்டல் 131 ஆயிடும், கணக்கு உதைக்கும், ஸ்கேனர் ஏத்துக்காது. எந்த ஒரு இலக்கம் தப்பானாலும் இது பிடிச்சிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிச்சிடும். ஆனா 1-ம் 6-ம் மாதிரி, சரியா 5 வித்தியாசம் உள்ள ஜோடி இடம் மாறினா கோட்டை விட்டுடும்.

அருமையான காவல்தான். ஆனா காவலாளி பார்க்கறது எண் எண்ணாவே இருக்கான்னு மட்டும்தான். "இந்த எண் இந்தப் பொருளோடதா?"ங்கற கேள்வி அதுக்குத் தெரியவே தெரியாது. சோப்பு கோடு சரியான கோடு. கூட்டல் சரி, பீப் சத்தமும் சரி. பொருள்தான் தப்பு.

போற போக்குல இன்னொண்ணு. 890-ல ஆரம்பிச்சா இந்தியாவுல தயாரானதுன்னு வாட்ஸப்புல சுத்துதே, அதுவும் சரியில்லை. அந்த எண் வாங்கின கம்பெனி இந்திய அமைப்புல பதிவு பண்ணிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். பொருள் எங்க தயாராச்சுன்னு அது சொல்லாது. அந்த அமைப்பு 1996-ல் ஈ.ஏ.என். இந்தியான்னு ஆரம்பிச்சது, இப்ப பேர் ஜி.எஸ்.1 இந்தியா. அதே 1996-லதான் சென்னையில ஃபுட்வேர்ல்ட் முதல் கடையைத் திறந்தாங்க. நம்ம பக்கம் அண்ணாச்சி கடைச் சீட்டுலேர்ந்து பீப் சத்தத்துக்கு மாறின காலம் அது.

*

எண் வேற, பொருள் வேற ஆயிடுமோங்கற பயம் அமெரிக்காவுல ஆரம்பத்துலயே இருந்தது. ஸ்கேனர் வந்ததும் கடைக்காரங்க, "இனிமே ஒவ்வொரு டப்பாவுலயும் விலைச் சீட்டு ஒட்ட வேண்டாம்"னு சந்தோஷப்பட்டாங்க. நுகர்வோர் அமைப்புகள் கொதிச்சு எழுந்தன. "டப்பாவுல விலை இல்லைன்னா, மெஷின் தப்பா போட்டதை நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?" நியாயமான கேள்வி. மிச்சிகன் மாநிலம் 1976-ல் சட்டமே போட்டுது: பொருள் மேலயே விலை இருக்கணும். ஸ்கேனர் அதிகமா போட்டா, வித்தியாசத்தோட சேர்த்து அதைப்போல பத்து மடங்கு (குறைஞ்சது 1 டாலர், அதிகபட்சம் 5 டாலர்) கடை வாடிக்கையாளருக்குத் தரணும். 2011-ல் ஒவ்வொரு பொருள் மேலயும் விலை ஒட்டற கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஆனா பத்து மடங்கு விஷயத்தை விட்டு வெச்சாங்க.

1996-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் கடை கடையா போய் சோதிச்சது. நூத்துக்கு சுமார் 5 பொருள்ல விலை தப்பு. இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் என்னன்னா, அதிகமா போட்ட தப்பைவிட, குறைச்சு போட்ட தப்புகள் கொஞ்சம் கூடவே இருந்துச்சு!

யோசிச்சுப் பாருங்க மக்களே. தப்பு ரெண்டு பக்கமும் நடக்குது. ஆனா சத்தம் ஒரு பக்கம் மட்டும்தான் கேக்குது. என் கதைதான்.

*

நம்ம ஊருக்கு வருவோம். நம்ம கையில ஒரு ஆயுதம் இருக்கு. பாக்கெட் மேலயே அச்சடிச்ச எம்.ஆர்.பி. அதுக்கு முன்னாடி பாக்கெட்டுல "உள்ளூர் வரிகள் தனி"ன்னு போட்டே விக்கலாம். எல்லை ஊர்ல அது எவ்வளவு குழப்பம்னு நினைச்சுப் பாருங்க: செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. 1990-ல்தான் எல்லா வரியும் உள்பட ஒரே உச்ச விலைன்னு ஆக்கினாங்க.

ஆனா அதே ஆயுதம் பில் கவுண்டர்ல ஒரு புதுத் தலைவலியைக் கொண்டுவந்துச்சு. எடை மாறினா எண் மாத்தணும்னு விதி இருக்கு. விலை மட்டும் மாறினா நம்ம ஊர்ல பொதுவா கோடு மாறறதில்லை. பழைய சரக்கு ஒரு விலை, புதுச் சரக்கு ஒரு விலை. ரெண்டுக்கும் ஒரே கோடு. ஸ்கேன் பண்ணினா திரையில ரெண்டு வரி வரும். எதை அமுக்கறதுங்கறது பில் போடறவங்க கண்ணு, கை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தப்ப இது நடந்தது. நவம்பர் 15-ல் நிறைய பொருளுக்கு வரி குறைஞ்சப்ப மறுபடி. 2025 செப்டம்பர் 22-ல் தலை எண்ணெய், ஷாம்பு, சோப்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்துலேர்ந்து 5-க்கு இறங்கினப்ப இன்னும் பெருசா. பழைய சரக்குல புது ஸ்டிக்கர் ஒட்டறது கட்டாயம் இல்லைன்னு வேற சொல்லிட்டாங்க. நூறு ரூபா எண்ணெய்க்கு 18 சேர்த்தா 118, 5 சேர்த்தா 105. ஆக என் பதிமூணு ரூபா சண்டையோட பூர்வீகம் டெல்லியில இருக்கு. நான் கத்தினது கனகசெட்டிக்குளத்துல ஒரு பொண்ணுகிட்ட.

இதைத் தவிர வேணும்னே பண்றவங்க இருக்காங்க. தராசுல ஒட்டற எடைச் சீட்டுல 2-ல் ஆரம்பிக்கற எண் இருக்குமே, அது கடைக்குள்ள மட்டும் செல்லும் எண். எடையோ விலையோ அதுக்குள்ளேயே இருக்கும். பெரிய வெங்காயச் சீட்டை சின்ன வெங்காயப் பையில ஒட்டினா மெஷினுக்கு சந்தேகமே வராது. 2012-ல கலிஃபோர்னியாவுல ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி அதிகாரி, சொந்தமா அச்சடிச்ச கோடுகளை லெகோ பெட்டிகள் மேல ஒட்டி மலிவா வாங்கி, இணையத்துல வித்துட்டிருந்து மாட்டினார். பணம் இல்லாதவர் ஒண்ணும் இல்லை!

இதைக் கண்டுபிடிக்க என்னென்னவோ பண்றாங்க. நாமே ஸ்கேன் பண்ற கவுண்டர்கள்ல பைக்கு அடியில தராசு. பொருளோட எடை பட்டியல் எடையோட ஒத்துப் போகலைன்னா நிறுத்திடும். இப்ப மேல கேமரா வெச்சு, எண் சொல்ற பொருளும் கண்ணுல படற பொருளும் ஒண்ணான்னு பார்க்கறாங்க. நம்ம ஊர்ல வாசல்ல வாட்ச்மேன் பில்லுல ஓட்டை போடுவார். அவர் எண்ணிக்கையைப் பார்ப்பார். நாலு சோப்புப் பாக்கெட் ஒண்ணு, பில்லுல சோப்பு ஒண்ணு. கணக்கு சரி, போய்ட்டு வாங்க சார்!

கடைசியில எண்ணையும் பொருளையும் பொருத்திப் பார்க்கற கண்ணு யாரோடது? பில் போடற அந்தப் பொண்ணோடதுதான். 1974-ல் ட்ராய் ஊர்லயும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான்.

*

மூணு வாரம் கழிச்சு அந்தக் கடைக்குப் போனேன். மனசு உறுத்தல்ல, "போன மாசம் ஒரு சோப்பு பாக்கெட்..."னு ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணு என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. "அது நீங்கதானாண்ணா? மாசக் கடைசியில ஸ்டாக் எடுத்தாங்க. நாலு சோப்பு பாக்கெட் ஒண்ணு குறையுதுன்னு 140 ரூபா சம்பளத்துல பிடிச்சுட்டாங்க."

"102 தானே? ஒத்தை சோப்பு ஒண்ணு கூடுதலா இருந்திருக்குமே?"

"கூடுறதைக் கணக்குல எடுக்க மாட்டாங்கண்ணா. குறையறதுதான் கணக்கு."

இதைக் கேட்டுட்டு சும்மா வர முடியல. நஷ்டத்துக்குன்னு சம்பளத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி, சம்பந்தப்பட்டவர்கிட்ட விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்கணும்னு 1936-ம் வருஷ சம்பளச் சட்டத்துலயே இருந்தது. 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. மிச்சிகன்காரன் ஸ்கேனர் தப்புக்குக் கடையைப் பொறுப்பாக்கினான். இங்க கல்லாப் பொண்ணு பொறுப்பு. கண்ணாடித் தாள்ல சுத்தி உள்கோட்டை மறைக்காம அனுப்பின கம்பெனிக்கு ஒண்ணுமில்லை. பட்டியல் ஏத்தின கடைக்கு ஒண்ணுமில்லை. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போன எனக்கும் ஒண்ணுமில்லை.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, பழைய பில்லைக் காட்டி, 102 ரூபாயைக் கட்டினேன். அவர் முதல்ல முறைச்சார். அப்புறம் அலமாரிக்குப் போய், ஒரு பாக்கெட்டை எடுத்து, ஸ்கேனர்ல திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் 140, மறுபக்கம் 38. "அடடா"ன்னார். அந்தப் பொண்ணுக்கு 140-ம் திரும்பி வந்துச்சான்னு போன வாரம் கேட்டேன். வந்துச்சாம்.

இப்ப அந்தக் கடையில நாலு சோப்பு பாக்கெட் எல்லாத்துலயும், உள்கோடு தெரியற இடத்துல வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கு. அதை ஒட்டினதும் அந்தப் பொண்ணுதான்.

அடுத்த தடவை உங்க பில்லுல குறைச்சு வந்தா என்ன பண்ணுவீங்க? நெஞ்சைத் தொட்டு சொல்லுங்க மக்களே. நான் மூணு வாரம் எடுத்துக்கிட்டேன்.