தலைகீழ் மேசை: மரக்கிளையிலிருந்து வீட்டுக்கூடம் வரை

தலைகீழ் மேசை என்பது கணுக்கால்களைப் பூட்டிக்கொண்டு படுத்து, உடலைத் தலைப்பக்கமாகச் சாய்க்க உதவும் படுக்கை. இரும்புச் சட்டத்தின் நடுவில் ஓர் அச்சு இருக்கும். படுக்கை அதில் ஏற்றப்பலகைபோல் மேலும் கீழும் ஆடும். கடைகளிலும் இணைய விற்பனையிலும் இது 'இன்வர்ஷன் டேபிள்' என்ற பெயரில் கிடைக்கிறது. வாங்குவோரில் பெரும்பாலோர் முதுகுவலிக்காரர்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதும், ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குவதும், நாமக்கல் லாரியிலோ திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ நாள்கணக்கில் அமர்ந்து ஓட்டுவதும் இடுப்பைப் பதம் பார்க்கும் வேலைகள்.

தலைகீழாகத் தொங்கும் வழக்கம் பழமையானது. ஆனால் அண்மைக் காலம் வரை, இன்னார் செய்யலாம், இன்னார் கூடாது என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார். பெட்டியில் வந்து இறங்கும் மேசையோடு அவர் வருவதில்லை.

தவமும் யோகமும்

மரக்கிளையில் வௌவால்போல் தொங்கும் நோன்பு பற்றிப் பாலி மொழியின் பௌத்த உரைநூல்கள் குறிப்பிடுகின்றன. அந்தத் துறவியரின் நோக்கம் உடலை வருத்துவது. முதுகுவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை 'விபரீதகரணி' என்ற தலைகீழ் நிலையை விளக்குகிறது. அண்ணத்திலிருந்து வடியும் அமுதம் வயிற்று நெருப்பில் வீணாகாமல் காப்பதே அதன் பயன் என்கிறது. ஆறு மாதத்தில் நரையும் திரையும் மறையும் என்றும் சொல்கிறது. இதை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் அதே இடத்தில் இரண்டு நல்ல செய்திகள் உள்ளன. இந்நிலையைக் குருவின் வாய்மொழியாகவே கற்க வேண்டும். முதல் நாள் ஒரு கணம் மட்டும் இருந்து, பிறகு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இன்று மேசை வாங்குபவருக்கும் இதைவிடச் சிறந்த அறிவுரை கிடையாது.

20ஆம் நூற்றாண்டில் சிரசாசனம் துறவியரிடமிருந்து இல்லறத்தாருக்கு வந்தது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார். நேரு தம் சுயசரிதையில் (1936) சிறையில் சிரசாசனம் பழகியதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1989இல் மறையும்வரை இங்கேயே இருந்தார். ஆளைப் பார்த்து, அவருடைய உடல்நிலைக்கு ஏற்ற பயிற்சியைத் தனித்தனியே வகுப்பது அவருடைய பிற்கால முறை.

அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில், சுவரில் பதித்த கொக்கிகளில் கயிறு கட்டி மாணவர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். தலையிலும் கழுத்திலும் எடை விழாமல் முதுகு நீள இது வழிசெய்தது. இன்றைய மேசைக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு இந்தக் கயிறுதான். 1966இல் வெளிவந்த தம் நூலில் ஐயங்கார் யாரெல்லாம் விலக வேண்டும் என்பதையும் எழுதினார். இரத்த அழுத்தம் கூடியவர்களும் குறைந்தவர்களும் சிரசாசனத்தில் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. காதில் சீழ் வடிபவர்களும் விழித்திரை விலகியவர்களும் தலைகீழ் ஆசனங்களையே முயலக் கூடாது.

ஏணியும் காலணியும்

மருத்துவம் இதை வேறு வழியில் அணுகியது. கிரேக்கத்தில் ஹிப்போகிரேட்டசின் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், கூன் முதுகை நிமிர்த்த நோயாளியை ஏணியில் கட்டி, ஏணியை உயரத்திலிருந்து விடுகிற முறையை விவரிக்கிறது. சில நேரம் தலை கீழாகவும், சில நேரம் கால் கீழாகவும் கட்டுவார்களாம். இதனால் எவருடைய முதுகும் நிமிர்ந்ததில்லை, கூட்டத்தை வாய்பிளக்க வைக்க விரும்பும் மருத்துவர்களே இதைச் செய்கிறார்கள் என்று அந்நூலாசிரியரே கண்டிக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கண்டனம் இன்றைய விளம்பரங்கள் சிலவற்றுக்கும் பொருந்தும்.

1970களில் ராபர்ட் மார்ட்டின் என்ற அமெரிக்க மருத்துவர், கொக்கி வைத்த காலணிகளை மாட்டிக்கொண்டு கம்பியில் தொங்கும் முறையைப் பரப்பினார். 1980இல் வந்த 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் கதாநாயகன் அப்படித் தொங்கியதும் அது நாகரிகமாகிவிட்டது. தொங்குவது எளிது, தொங்கிய பின் எழுந்து கொக்கியை விடுவிக்க வயிற்றில் வலு வேண்டும். அந்த வலு இல்லாதவருக்கு மேசை பயன்பட்டது.

அளந்து பார்த்தபோது

1980களின் முதற்பாதியில் அமெரிக்க ஆய்வாளர்கள், தலைகீழாக இருக்கும்போது இரத்த அழுத்தமும் கண்ணழுத்தமும் உயர்வதை அளந்து வெளியிட்டனர். நமக்கு அருகிலேயே ஓர் ஆய்வு நடந்தது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் பழகிய 75 பேரைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். ஆசனத்தின்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இருமடங்கானது. கண்ணழுத்த நோய் தொடக்கத்தில் வலியோ மங்கலோ காட்டாது என்பதால், தமக்கு அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

பயன் பற்றிய சான்று மெலிந்ததே. 2012இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்து வந்த ஆய்வில், முதுகெலும்பு வட்டு பிதுங்கி அறுவைக்குக் காத்திருந்தவர்களில் தலைகீழ்ப் பயிற்சி பெற்றோரில் சுமார் 77 விழுக்காட்டினருக்கு அறுவை தேவைப்படவில்லை. பெறாதோரில் அது 22 விழுக்காடு. விற்பனையாளர்கள் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அதில் பங்கேற்றோர் மொத்தம் 30 பேருக்கும் குறைவு. மருத்துவமனைகளில் எடை கட்டி இடுப்பை இழுக்கும் 'டிராக்ஷன்' முறையைப் பொறுத்தவரை, சாதாரண இடுப்புவலிக்கு அதை அளிக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2016இல் கூறிவிட்டது. மேசை சிலருக்குச் சற்று நேர ஆறுதல் தரலாம். நோயைத் தீர்க்கும் என்று சொல்ல இப்போதைக்கு இடமில்லை.

வீட்டுக்கு வாங்கும்போது

ஆகவே மேசையின் விலையைப் பார்க்கும் முன் தம் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அழுத்தம் கூடியவர்கள், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள், கண்ணழுத்தமோ விழித்திரைக் கோளாறோ உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், நெஞ்செரிச்சலோ குடலிறக்கமோ உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் இதில் படுக்கக் கூடாது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால், முதுகுவலி மிகும் வயதில் இதற்குத் தகுதியானவர் எத்தனை பேர் மிஞ்சுவர் என்பது யோசிக்க வேண்டியது.

மிஞ்சியவர்கள் முழுவதும் தலைகீழாகத் தொங்கத் தேவையில்லை. பள்ளிக் கணக்கே இதற்குப் போதும். 70 கிலோ எடையுள்ளவருக்கு இடுப்புக்கு மேலுள்ள எடை ஏறத்தாழப் பாதி, அதாவது 35 கிலோ. கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் அதில் பாதி, சுமார் 17 கிலோ, முதுகை நீளவாட்டில் இழுக்கும். 60 பாகையில் அது 30 கிலோ. படுக்கையின் உராய்வு இதில் கொஞ்சம் குறைக்கும். ஆகவே 20, 30 பாகையில் ஓரிரு நிமிடம் என்று தொடங்குவது அறிவு. குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாயாமல் தடுக்கும் பட்டையோ ஊசியோ இல்லாத மேசையை வாங்கவே கூடாது.

கணுக்கால் பூட்டுதான் உயிர்நிலை. குனிந்து சிரமப்படாமல் பூட்ட நீண்ட கைப்பிடி வேண்டும். பூட்டியது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேசை தாங்கும் எடை, தம் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்கட்டும். உயரத்தைத் தவறாக வைத்தால் தலைப்பக்கம் கனத்து ஆள் சட்டென்று கவிழ்வார். கை மார்பிலிருக்கும்போது படுக்கை அசையாமல் நின்று, கையை மெல்லத் தலைக்கு மேல் நீட்டும்போது சாய்ந்தால் அளவு சரி. வழவழப்பான டைல்ஸ் தரையில் ரப்பர் கால் இல்லாவிட்டால் சட்டம் நகரும். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக இதைச் சுழற்ற இடமிருக்காது. வெளியே போடுவதானால் மடக்கும் வகை நல்லது. மோட்டார் வைத்த மேசையில், மின்சாரம் நின்றால் கையால் நிமிர முடியுமா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எந்த வகையானாலும் தனியாக வீட்டிலிருக்கும்போது ஏறக் கூடாது. நிமிரும்போது கிடைமட்டத்தில் சற்றுப் படுத்திருந்துவிட்டு எழ வேண்டும்; இல்லையென்றால் தலை சுற்றும்.

இடுப்புவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ மேசைப் பக்கமே போகக் கூடாது. அன்றைக்கே போக வேண்டிய இடம் ஆத்தூர் அரசு மருத்துவமனை, அல்லது சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.