நாடற்றோரும் மனித உரிமையும்

மனிதனுக்கு மனிதன் என்ற அளவிலேயே உரிமைகள் உளவா, அன்றி ஒரு நாட்டின் பிரசை என்ற அளவில் மட்டுமே அவை அமைகின்றனவா என்னும் வினா தத்துவ நூலார்க்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் பிற்பகுதியை நோக்குவார்க்கு அது நம் வாயிற்படியில் நிற்கும் வினாவாகும்.

அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி, 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வமிசாவழியாற் பிரசையாவதற்குத் தம் தந்தை ஈண்டுப் பிறந்தவரென்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஈண்டுப் பிறந்தவரென்றோ காட்டல் வேண்டும். தோட்டத்து லயத்திற் பிறந்து அங்கேயே மடிந்தோரின் மக்கள் பாட்டனின் பிறப்புப் பதிவை எங்குச் சென்று தேடுவர்? தேயிலையால் நாட்டிற்குச் செல்வம் ஈட்டித் தந்த இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையையும் இழந்தனர்.

பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த இருபத்தைந்தாம் நாள், டிசம்பர் 10ஆந் திகதி, பாரிசு நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரித்த நாடுகள் 48, எதிர்த்தது ஒன்றுமில்லை, எட்டு நாடுகள் வாக்களியாதிருந்தன. ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் பிரசையாதற்கு உரிமையுண்டு என்பது அதன் 15ஆம் உறுப்புரை. இலங்கை அச்சபையில் இருக்கவில்லை. சோவியத் ஒன்றியத்தின் தடைவாக்கினால் வெளியே நின்ற நம் நாடு 1955 டிசம்பர் 14ஆந் திகதியே உறுப்புரிமை பெற்றது.

பிரகடனம் மேனாட்டார் கொள்கையே என்பாருளர். அது முற்றும் பொருந்தாது. முதலாம் உறுப்புரையில் ஆண்மக்களை மட்டும் சுட்டுவதாகக் கொள்ளத்தக்க சொல்லை நீக்கி, மனிதர் எல்லாரையும் தழுவும் சொல்லை இடுவித்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. மதம் மாறும் உரிமையைச் சவூதி அரேபியா ஏற்க மறுத்தபோது, பாகிஸ்தானின் சபருல்லாகான் இசுலாமிய நோக்கில் நின்றே அதனை ஆதரித்தார். ஆபிரிக்காவின் பெரும்பகுதி அன்று அந்நியர் ஆட்சியின்கீழ் வாக்கின்றி இருந்தமை மறைக்கத்தக்கதன்று. ஆயினும் உரிமையின் பொதுமையை ஐயுறுவோர் பெரும்பாலும் தமக்கென ஓர் அரசு உடையோரே என்பது எம் கருத்து. நாடற்றவனுக்கு மனிதன் என்னும் பெயரன்றி வேறு பற்றுக்கோடு யாது?

அப்பற்றுக்கோடு எவ்வளவு வலியுடையது என்பதே அடுத்த வினா. பிரகடனம் அரசுகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று. தன் பிரசைகள் யாவர் என்பதை ஒவ்வோர் அரசும் தன் சட்டத்தாலேயே தீர்மானிக்கும் என 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை கூறியிருந்தது. 15ஆம் உறுப்புரையோ உரிமையைக் கூறிற்றேயன்றி அதனை வழங்கவேண்டிய அரசு எதுவெனக் கூறவில்லை. கடன்பட்டவன் பெயர் எழுதப்படாத கடன்சீட்டை அஃது ஒத்தது. 1966ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமை உடன்படிக்கை அரசுகளைக் கட்டுப்படுத்துவதேயாயினும், பிரசையாகும் உரிமையைக் குழந்தைகளுக்கு மட்டுமே கூறி அமைந்தது. ஐரோப்பாவில் 1959இல் மனித உரிமை நீதிமன்றம் ஏற்பட்டதெனினும், அதன் அதிகாரம் அதற்கு இசைந்த நாடுகளின் அளவிலேயே நின்றது.

எனவே மலைநாட்டார்க்கு உள்நாட்டு வழக்கே எஞ்சியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை ஆதாரமாகக் கொண்டு தொடுத்த வழக்கில், 1953இல் பிரிவிக் கவுன்சில் சட்டம் செல்லுமெனத் தீர்த்தது. பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைகளை எண்ணினாரேயன்றி, அம்மக்களை ஒப்பந்தத்தில் ஒரு தரப்பினராக எவரும் கொள்ளவில்லை.

1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குத் தோட்டத் தொழிற்சங்கங்களின் வலிமையே முதற் காரணம். இறுதியாக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் ஈண்டு நிலையாக வாழ்ந்த இந்திய வமிசாவழியினருள் நாடற்றிருந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. அப்பணியில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகமும் உதவிற்று. பிரகடனம் பிறந்து அப்போது ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.